பள்ளி ஓடுதளம்: எது போடுவது, யாரிடம் கேட்பது?

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஓர் ஓடுதளம் அமைக்கலாம் என்று முன்னாள் மாணவர்கள் பேசத் தொடங்கினோம். பணம் சேரும் முன்பே பேச்சு மூன்று பக்கம் போய்விட்டது. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற தம்பிகள் “போடுறதே போடுறோம், சிந்தெடிக்கா போட்டுடுவோம்” என்று ரப்பர் தளத்தைக் கேட்கிறார்கள். ஊரில் இருக்கிற சிலர் பேவர் பிளாக் பதித்தால் முப்பது வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார்கள். பி.டி. சார் கேட்பது ஒன்றுதான்: மழைக்காலத்தில் தண்ணீர் நிற்காத மண் தளம். மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்ததில் நான் பி.டி. சார் பக்கம் வந்து சேர்ந்தேன். ஏன் என்பதையும், பணத்தை எந்த வழியில் திரட்டலாம் என்பதையும் ஊர்க்காரர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைக்கிறேன். பக்கத்து ஊர்களில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவலாம்.

முதலில் இடம். பள்ளித் திடல் நீளவாக்கில் 125 மீட்டர், அகலத்தில் 80 மீட்டர். இரண்டரை ஏக்கர் என்று சொல்லலாம். முறையான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒருவர் ஓடுகிற பாதையான லேன் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர் அகலம். ஆறு லேன் போட்டால்கூட நீளம் 172 மீட்டர், அகலம் 88 மீட்டர் ஆகிவிடும். கிட்டத்தட்ட மூன்றேமுக்கால் ஏக்கர். எட்டு லேன் என்றால் நான்கு ஏக்கரைத் தாண்டும். எங்கள் திடலில் இது அடங்காது.

“பக்கத்து வயலை வாங்கிச் சேர்த்துக்கலாம்” என்றும் ஒரு பேச்சு வந்தது. திடலுக்குத் தெற்கே இருப்பது இரண்டு போகம் விளைகிற நஞ்சை. அதை வாங்குகிற விலையில் மொத்தப் பணமும் போய்விடும், மண் அடிக்க ஒன்றும் மிஞ்சாது. அதோடு, விளைகிற நிலத்தைத் தூர்த்துத்தான் பிள்ளைகள் ஓட வேண்டும் என்றால் எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

400 வேண்டும் என்பவர்கள் ஆரோக்கிய ராஜீவைச் சொல்கிறார்கள். லால்குடிப் பக்கத்துப் பையன், 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதில் இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் அந்த அளவுக்கு வளர்கிற பிள்ளைக்கு எப்படியும் திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் மாதிரியான இடத்தில் பயிற்சி தேவைப்படும். கிராமத்துப் பள்ளித் திடலின் வேலை அதற்கு முந்தியது. ஆறாம் வகுப்பில் ஓடத் தெரிந்த பிள்ளை யார் என்று கண்டுபிடிப்பதும், குறுவட்டப் போட்டிக்குப் போகிறபோது அந்தப் பிள்ளை லேன் கோட்டை மிதிக்காமல் ஓடப் பழகியிருப்பதும்தான் இங்கே நடக்க வேண்டியது.

அதற்கு 200 மீட்டர் வட்டம் போதும். இரண்டு நேர்ப்பகுதி தலா 40 மீட்டர், இரண்டு வளைவு தலா 60 மீட்டர், நான்கு லேன். மொத்த இடம் 88 மீட்டருக்கு 48 மீட்டர், அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்க நேர்ப்பகுதியை அப்படியே நீட்டினால் 100 மீட்டர் ஓட்டத்துக்கான நேர்த்தளமும் கிடைத்துவிடும். தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டர், முடிவுக் கோட்டைத் தாண்டி நிதானித்து நிற்க 17 மீட்டர், ஆக 120 மீட்டர். திடலின் 125 மீட்டர் நீளத்தில் அது சரியாக உட்காரும். வட்டத்துக்குள்ளே கபடி, கோ-கோ களம் போட்டுக்கொள்ளலாம், வாலிபால் நெட் கட்டிக்கொள்ளலாம்.

வளைவு சின்னது என்பது உண்மையான குறை. பத்தொன்பது மீட்டர் ஆரத்தில் முழு வேகத்தில் திரும்புவது சிரமம். 200 மீட்டர் ஓட்டத்தில் பெரிய தளத்தில் எடுக்கிற நேரம் இங்கே வராது. ஆனால் ஒரு விஷயம் மாறாது. லேன் லேனாக ஒரு முழுச் சுற்று ஓடும்போது, சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்ட தளத்தில், ஒவ்வொரு வெளி லேனும் தனக்கு உள்ளே இருக்கிற லேனைவிட 7.67 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும். வட்டம் 200 ஆனாலும் 400 ஆனாலும் ஒரு சுற்றுக்கு அதே தூரம்தான், ஏனென்றால் அது லேனின் அகலத்தைப் பொறுத்தது, வட்டத்தின் அளவைப் பொறுத்ததல்ல. முதல் தடவை மாவட்டப் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் “அவன் ஏன் எனக்கு முன்னாடி நிக்கிறான்” என்று திகைத்து நிற்பதை நிறையப் பேர் பார்த்திருப்போம். சொந்தப் பள்ளியில் நான்கு லேன் இருந்தாலே அந்தத் திகைப்பு போய்விடும்.

300 மீட்டர் வட்டமும் கணக்குப்படி திடலில் அடங்குகிறது. ஆனால் சுவரோரம் வரை போக வேண்டும். அங்கே நிற்கிற புங்கையும் வேம்பும் போய்விடும். மதிய வெயிலில் பிள்ளைகள் ஒதுங்க அந்த நிழல் மட்டும்தான் இருக்கிறது. அதனால் 300-ஐ நான் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இனி மேல்தளம். சிந்தெடிக் என்பது மேலே தெரிகிற 13 மில்லிமீட்டர் ரப்பர் மட்டுமல்ல. அதற்கு அடியில் ஜல்லி, அதன்மேல் தார்த்தளம் என்று அசையாத அடித்தளம் வேண்டும். நம் மண் அசைகிற மண். ஆற்று வண்டல் படிந்த களி: மழையில் ஊறி உப்பும், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். இதன்மேல் அடித்தளத்தைச் சரியாக அமைக்க ஆழத் தோண்டி மண்ணை மாற்ற வேண்டும். அமைக்காவிட்டால் தாரும் ரப்பரும் சேர்ந்தே பிளக்கும். நன்றாகப் போட்டாலும் எட்டு, பத்து வருஷத்தில் மேற்பரப்பை மறுபடி போட வேண்டியிருக்கும். முதல் தடவை உற்சாகத்தில் ஊரே கொடுக்கும். பத்தாவது வருஷம் அதே அளவு பணத்துக்கு யார் ஓடுவது? மாவட்டத் தலைநகரில், பராமரிக்க ஆளும் வருஷா வருஷம் நிதியும் இருக்கிற அரங்கத்துக்கு அது பொருந்தும். இங்கே பொருந்தாது.

பேவர் பிளாக்கை நான் முழுசாக எதிர்க்கிறேன். நடக்கிற பெரியவர்களுக்கு அது சரிதான். வளர்கிற பிள்ளைகள் அந்தக் கெட்டித் தரையில் தினமும் ஓடினால் முழங்காலும் முன்னங்கால் எலும்பும் வலியெடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நிழல் விழுகிற இடமெல்லாம் பாசி படிந்து வழுக்கும். இன்னொன்றும் இருக்கிறது, டெல்டாவில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்: அறுவடை நேரத்தில் கெட்டியான சமதளம் எங்கே கண்டாலும் நெல் காயப் போடுவோம். தார் ரோட்டையே விடுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கும்போது காயாத நெல்லோடு நிற்கிற விவசாயியின் அவசரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கான்கிரீட் கல் பதித்த ஓடுதளம் தை, மாசியில் களமாகிவிடும். பிள்ளைகள் ஓடுவதற்கு நல்ல காலமும் அதே தை, மாசிதான்.

இப்போது இருக்கிற தரையிலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு ஓடலாமே, செலவே இல்லையே என்றும் கேட்கலாம். இத்தனை காலமும் அதைத்தான் செய்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை திடல் சேறு. ஜனவரியில் குளம்படிப் பள்ளங்கள் அப்படியே காய்ந்து இறுகிக் கணுக்காலைப் புரட்டும். கோடையில் வெடிப்பு. ஓடக்கூடிய நாள் என்று பார்த்தால் வருஷத்தில் பாதிகூடத் தேறாது. அருகம்புல் வளர்க்கலாம் என்றால், புல்லுக்குக் கோடையில் தண்ணீரும் எப்போதும் வேலியும் வேண்டும். ஆடு மாடு நுழையாத திடல் எங்கள் பக்கம் அபூர்வம்.

ஆக நான் சொல்வது மேடு தூக்கிய கிராவல் தளம். தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம், செங்கிப்பட்டிப் பக்கம் போனால் செம்மண் பூமி தொடங்கிவிடுகிறது. அந்தச் செம்மண் கிராவல் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்டினால் நன்றாக இறுகும். களிமண்போல உப்பாது, வெடிக்காது. நம் ஊர் வரை லாரி வாடகை அதிகம்தான். இருந்தாலும் பக்கத்து ஏரி வண்டலை அடித்து மிச்சம் பிடிக்க நினைப்பது வீண். வண்டல் வயலுக்கு உரம், ஓடுதளத்துக்கு அதே பழைய சேறு. ரைஸ் மில்லில் சும்மா கிடைக்கிறது என்று உமிச்சாம்பலை மேலே கொட்டும் யோசனையும் வேண்டாம். காற்றில் பறக்கும், மூச்சில் ஏறும்.

விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் யூனிட்டில் சொல்கிறேன் (ஒரு யூனிட் என்பது நூறு கன அடி). நான்கு லேனுக்கு 4.88 மீட்டர், இரண்டு பக்கமும் ஓரம் சேர்த்து 6 மீட்டர் அகலம். பக்கத்துத் தரையைவிட ஒரு அடி உயர்த்த வேண்டும். 200 மீட்டர் வட்டத்துக்கு இறுகிய கணக்கில் ஏறத்தாழ 136 யூனிட் வருகிறது. ரோலர் ஓடினால் மண் அமுங்கும், ஆகவே கொட்டுகிற கணக்கில் 170 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்த்தளத்தின் நீட்டிப்பையும் சேர்த்தால், டிப்பருக்கு மூன்று யூனிட் வீதம் எண்பது லோடுக்குள் அடங்கும். ஆறு லேன் 400 மீட்டருக்கு இதே உயரம் தூக்க, வட்டத்துக்கு மட்டும் நூற்றைம்பது லோடுக்கு மேல் ஆகும். மேல் களியைச் சுரண்டி எடுக்கிற ஆழத்துக்கும் மண் வேண்டும் என்பதால் இரண்டு கணக்கும் கொஞ்சம் ஏறும். ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு. பள்ளிக்கு வருகிற மண் திருட்டு மண்ணாக இருக்கக்கூடாது.

மண்ணைவிட முக்கியம் வடிகால். தளம் உள்பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சரிய வேண்டும். 4.88 மீட்டர் அகலத்தில் இது ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, கொத்தனார் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயில்தான் தெரியும். உள்விளிம்பை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால், அதிலிருந்து தளத்துக்கு அடியில் குழாய், குழாய் போய்ச் சேருவது திடலுக்குக் கிழக்கே இருக்கிற வடிகாலில். வடக்கே ஓடுவது பாசன வாய்க்கால். கிட்டத்தில் இருக்கிறது என்று அதில் சேர்த்துவிட்டால் சம்பா பருவத்தில் அது நிரம்பி ஓடும்போது தண்ணீர் திரும்பித் திடலுக்குள்ளேயே வரும். வடிகாலும் பெருமழையில் எதிர்த்துத் தள்ளும், எனவே குழாய் வாயில் ஒரு தடுப்புக் கதவு வேண்டும். நீர்வளத் துறையிடம் அனுமதியும் வாங்க வேண்டும். மேலே தெரியாத இந்த வேலைக்குப் பணம் கேட்டால் யாருக்கும் உற்சாகம் வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் திரட்டுகிற பணத்தில் முதல் ரூபாய் இதற்குத்தான் போக வேண்டும். இதை விட்டுவிட்டு மேலே தங்கத்தைக் கொட்டினாலும் இரண்டாம் மழையில் கரைந்துவிடும்.

கோடு போடுவது பி.டி. சாரும் பிள்ளைகளும் செய்துகொள்ளக்கூடிய வேலை. வளைவின் மையத்தில் ஒரு இரும்பு முளை அடித்து, 18.90 மீட்டரில் முடிச்சுப் போட்ட கம்பியை அதில் மாட்டிச் சுற்றி வந்தால் உள்கோடு கிடைத்துவிடும். கயிறு கூடாது, இழுவைக்கு நீளும். கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் வெளியேதான் ஓட்டத்தின் தூரம் அளக்கப்படும். அதைச் சேர்த்துத்தான் சுற்று 200 ஆகிறது. மைய முளையைக் கான்கிரீட்டில் பதித்து மண்ணோடு மட்டமாக விட்டுவிட்டால் ஒவ்வொரு வருஷமும் மறுபடி அளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு நன்றாக நீற்றியதாக இருக்க வேண்டும். நீறாத சுண்ணாம்பு வியர்த்த காலைப் பொசுக்கும்.

சரி, பணம்.

எங்கள் பக்கம் பொதுக்காரியம் என்றால் முதலில் வாயில் வருவது தலைக்கட்டு வரி. கோயில் திருவிழாவுக்கு அப்படித்தான் வசூலிக்கிறோம். பள்ளிக்கு அது வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இருபது மா (ஏழு ஏக்கர் அளவு) நிலம் இருக்கிற வீட்டுக்கும் கூலிக்கு நடவு நடுகிற வீட்டுக்கும் ஒரே தொகை என்பது முதல் அநியாயம். இரண்டாவது இதைவிடப் பெரியது. திருவிழா வரி எந்தெந்தத் தெருவில் வாங்குகிறார்கள், எந்தத் தெருவில் வாங்குவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். வரி வாங்காத தெரு ஊர்க்கூட்டத்தில் பேச முடியாத தெரு. பள்ளியிலோ பாதிக்கு மேல் அந்தத் தெருப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள், நன்றாக ஓடுகிறவர்களும் அவர்களில் நிறையப் பேர். அந்தப் பழைய நோட்டை வைத்து வசூல் தொடங்கினால் ஓடுதளமும் சில தெருக்களின் சொத்தாகிவிடும். எல்லாத் தெருவிலும் கேட்போம், அவரவர் முடிந்ததைக் கொடுக்கட்டும், குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆளும் பெண்களும் இருக்கட்டும்.

பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து உறவுக்காரர்கள் மொய் விருந்து வைக்கச் சொன்னார்கள். அங்கே ஆடியில் அது பெரிய அளவில் நடக்கிறது. ஆனால் மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். பள்ளிக்கு வைத்த மொய்யை யார் வீட்டு விசேஷத்தில் யார் திருப்புவது? அந்தக் குழப்பம் வேண்டாம். அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பெயரும் தொகையும் அங்கேயே எழுதி அங்கேயே வாசிக்கிற பழக்கம். வரவு செலவு நோட்டின் நகலை மாதம் ஒருமுறை பள்ளி வாசலில் ஒட்டினால் பாதிச் சந்தேகம் பிறக்காமலே போகும்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு பெறாத நம் சங்கம் அவரிடம் பணம் வாங்கக்கூடாது. பாசத்தோடு அனுப்புகிற அண்ணனையும் சேர்த்து வம்பில் மாட்டிவிடுவோம்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சிக்கு இடமுண்டு. கிடைத்தால் நல்லது. ஆனால் நேற்றுத் தொடங்கிய முன்னாள் மாணவர் சங்கத்துக்கு நேரடியாகக் கொடுக்க மாட்டார்கள். பதிவும் மூன்று வருஷமாவது வேலை செய்த வரலாறும் கேட்பார்கள். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் திட்டத்தின் வழியாகக் கேட்பதுதான் நமக்குத் தோதான பாதை.

சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நம் தேவை அதில் சின்னது. மனுவோடு போய்க் கேட்பதில் தவறில்லை. எனக்கு இருக்கிற தயக்கம் காலம் பற்றியது. மண் வேலை மாசியில் தொடங்கி, மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-க்குள் முடிய வேண்டும். அதற்குப் பிறகு வாய்க்காலில் தண்ணீர், வயலில் குறுவை, ரோலருக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. நிதி ஒதுக்கீடு, மதிப்பீடு, டெண்டர் எல்லாம் முடிந்து உத்தரவு ஐப்பசியில் வந்தால், கணக்கை முடிக்கும் அவசரத்தில் ஒப்பந்தக்காரர் மழையிலேயே மண்ணைக் கொட்டுவார்.

அரசின் ‘நமக்கு நாமே’ திட்டம் ஊர்ப் பணத்துக்கும் அரசுப் பணத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஊர் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். பங்குத் தொகையை நாமே திரட்டியிருப்பதால் மதிப்பீட்டில் வடிகால் இருக்கிறதா, கிராவல்தான் வருகிறதா என்று கேட்கிற தைரியம் நமக்கு இருக்கும். ஆனால் காலத் தாமதம் இதிலும் வரலாம்.

அதனால் என் பரிந்துரை வேலையை இரண்டாகப் பிரிப்பது. முதல் வருஷம் வடிகாலும் 120 மீட்டர் நேர்த்தளமும் மட்டும். நேர்த்தளத்துக்கு முப்பத்திரண்டு லோடு மண். இதை முழுக்க ஊர்ப் பணத்தில் செய்வோம்; சம்பா நெல் விற்ற காசு வங்கியில் ஏறுகிற தை, மாசியில் கேட்டால் கொடுக்க முடியும். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியும் அதற்குள் கையில் இருக்க வேண்டும். மே விடுமுறையில் மண் அடித்து ரோலர் ஓட்டுவோம். ஒரு மழைக்காலம் அது அமுங்கட்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, குழாய்க் கதவு வேலை செய்கிறதா என்று அந்த மூன்று மாதம் காட்டிவிடும். அதே நேரத்தில் வட்டத்துக்கான விண்ணப்பத்தை ‘நமக்கு நாமே’யில் கொடுத்துவைப்போம். அடுத்த தையில் நேர்த்தளத்தின் பள்ளங்களைத் திருத்திவிட்டு வட்டத்தை ஆரம்பிக்கலாம். அரசுப் பணம் தாமதமானாலும் பிள்ளைகளுக்கு 100 மீட்டர் கையில் இருக்கும்.

திரட்டுகிற தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் தனியாக வைக்க வேண்டும் என்பது என் கடைசிக் கோரிக்கை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நாலைந்து லோடு கிராவல், ஒரு நாள் ரோலர் வாடகை, புல் செதுக்க ஆள், சுண்ணாம்பு. இவ்வளவுதான் செலவு, ஆனால் வருஷம் தவறக்கூடாது. அந்தக் கணக்கில் தலைமையாசிரியர், மேலாண்மைக் குழுத் தலைவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று மூன்று பேர் கையெழுத்து இருக்கட்டும். காலையில் ஏழரை வரை ஊரார் நடக்கலாம், பைக் உள்ளே வரக்கூடாது, திருவிழாவுக்குக் கார் நிறுத்தவும் நெல் காயப் போடவும் தளத்தைக் கொடுக்கக்கூடாது. இந்த நான்கையும் மண் அடிப்பதற்கு முன்பே கிராம சபையில் வைத்துப் பேசி முடித்துவிட வேண்டும்.